விட்டுக்கொடுத்த எதிராளி: ஒட்டியும் வெட்டியும் வாதிடப் பழகுவதில் சாட்பாட்டின் பங்கு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி அளிப்பவர்கள் அனைவரும் அறிந்த குறை ஒன்று உண்டு. பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள். எதிர்த்துப் பேசுவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. 18 மாணவர்கள் கொண்ட எங்கள் குழுவில் ஒருவர் எழுந்து பேசும்போது மற்ற 17 பேரும் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒன்றரை மணி நேரப் பயிற்சியின் முடிவில் ஒருவருக்குக் கிடைத்தது என்னவென்று பார்த்தால், ஐந்து நிமிடப் பேச்சும், நட்பின் பொருட்டு முனை மழுங்கிய இரண்டொரு மறுப்புகளும்தான் மிஞ்சும். வீட்டில் தயார் செய்கிறவரின் நிலை இன்னும் மோசம். அவர் தாமே எழுதி, தாமே ஒப்பித்து, தமக்குத் தாமே வெற்றி அறிவித்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

14 முதல் 17 வயது வரையிலான இந்த மாணவர்களோடு, வாரம் ஒரு அமர்வு என்ற கணக்கில் 10 வாரங்கள் ஒரு செயற்கை நுண்ணறிவுச் சாட்பாட்டைப் பயிற்சிக்குள் கொண்டுவந்து பார்த்தோம். அதில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை, எங்கே நானே தவறாக வழிநடத்தினேன் என்பவற்றை, அமர்வுக் குறிப்புகளையும் மாணவர்கள் சேமித்து வைத்த உரையாடல்களையும் கொண்டு இங்கே பதிவு செய்கிறேன். எங்கள் குழுவில் யார் எந்தப் பக்கம் என்பதை நாணயம் சுண்டித்தான் தீர்மானிப்போம். அதுவும் பேச்சு தொடங்குவதற்கு 15 நிமிடங்களுக்கு முன்னர்தான். உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டிகளில் தலைப்பு அறிவித்த பிறகு தயாரிப்புக்குத் தரப்படும் நேரமும் அதுவே. எனவே ஒரு தலைப்பை ஒட்டியும் பேசத் தெரிய வேண்டும், வெட்டியும் பேசத் தெரிய வேண்டும். தலைப்புகளை முன்கூட்டியே தந்துவிடுவதால், தயாரிப்பு முழுவதும் இரண்டு பக்கத்துக்குமானதாக இருந்தாக வேண்டும்.

இப்படி இரு பக்கமும் பேசப் பழக்குவது சரிதானா என்ற கேள்வி பழையது. கி.மு. 155இல் ஏதென்ஸின் தூதராக ரோமுக்குச் சென்ற தத்துவ அறிஞர் கார்னியாடஸ், ஒரு நாள் நீதியைப் போற்றிப் பேசி, மறுநாள் அதே நீதியை மறுத்துப் பேசினார். இளைஞர்கள் மயங்கி நின்றதைக் கண்ட ரோம அரசியல் தலைவர் மூத்த கேட்டோ, தூதுக்குழுவை விரைந்து ஊருக்கு அனுப்பிவைக்கும்படி வற்புறுத்தினார். 1954இல் அமெரிக்கக் கல்லூரி விவாதங்களுக்கு, கம்யூனிஸ்ட் சீனாவை அங்கீகரிக்க வேண்டுமா என்ற தலைப்பு வந்தபோது, அந்நாட்டு ராணுவ, கடற்படைக் கல்விக்கழகங்கள் அதை ஒட்டிப் பேச மறுத்தன. நம்பாத ஒன்றை நம்புவதுபோல் பேசுவது நாவைப் பழக்கி மனத்தைக் கெடுக்கும் என்பதே இந்த அச்சத்தின் சாரம். நான் இந்த அச்சத்தை முழுவதும் தள்ளிவிடுவதில்லை. கடைசி வாரத்தில் அது எங்கள் குழுவிலேயே வேறு உருவில் வந்து நின்றது.

முதல் மூன்று வாரங்கள்: பட்டியலின் ஆட்சி

தொடக்கத்தில் நான் எந்தக் கட்டுப்பாடும் விதிக்கவில்லை. தலைப்பைக் கொடுத்து, சாட்பாட்டை விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இப்போது நினைத்தால் இது என் தவறு. 18 பேரும் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் தட்டச்சு செய்திருந்தார்கள்: இந்தத் தலைப்புக்கு ஆதரவாகவும் எதிராகவும் வாதங்கள் தருக. விடையும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. ஒரு பக்கத்துக்கு ஐந்து, மறு பக்கத்துக்கு ஐந்து, ஒவ்வொன்றும் ஒரே நீளம், தடித்த எழுத்தில் துணைத் தலைப்பு, முடிவில் சமநிலையான அணுகுமுறை தேவை என்றொரு வாக்கியம்.

இதனால் நேர்ந்த கேடு, பள்ளி வகுப்பறைகளில் கைப்பேசியைத் தடை செய்ய வேண்டும் என்ற தலைப்பில் வெளிப்பட்டது. தடையை ஒட்டிப் பேசிய மாணவர் எழுந்து, "எதிரணியினர் அவசரகாலத்தில் பெற்றோரைத் தொடர்புகொள்ள முடியாது என்று சொன்னார்கள்" என்று தொடங்கி, அதற்கு நன்றாகவே மறுப்புரைத்தார். ஆனால் எதிரணியில் எவரும் அப்படிச் சொல்லவே இல்லை. அன்று எதிரணியின் முதற்பேச்சாளர் எடுத்துக்கொண்ட வாதம் முற்றிலும் வேறு. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தொடாமல் இருக்கப் பழகுவதும் கல்வியின் ஒரு பகுதி என்றும், தடை அந்தப் பழக்கத்துக்கான இடத்தையே பறித்துவிடுகிறது என்றும் அவர் பேசியிருந்தார். அந்த வாதத்துக்கு ஒரு சொல் பதில் வரவில்லை. பட்டியலில் இருந்த எதிராளிக்குப் பதில் சொல்லிவிட்டு, முன்னால் நின்ற எதிராளியைப் பார்க்காமலே அமர்ந்துவிட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவருக்குக் காரணம் புரியவில்லை.

சாட்பாட் இல்லாத காலத்திலும் மாணவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததுண்டு. ஆனால் அப்போது தயாரிப்பு மெலிந்திருக்கும். கையில் சரக்கு குறைவு என்பது அவர்களுக்கே தெரியும். அதனால் எதிரணி பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். கை நிறைய வாதங்களோடு வந்தவர்களுக்குக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. முதல் மூன்று வாரங்களில் மறுப்புரையின் தரம், நாங்கள் இந்த முயற்சியைத் தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடத் தாழ்ந்தது என்பதே அன்று நடுவராக இருந்த இரு ஆசிரியர்களின் கருத்து. என் கருத்தும் அதுவே.

எதிராளியாகச் சாட்பாட்

நான்காம் வாரத்தில் முறையை மாற்றினோம். வாதங்களைக் கேட்டு வாங்குவதை நிறுத்திவிட்டு, மாணவர் ஒரு பக்கம், சாட்பாட் மறு பக்கம் என்று நேருக்கு நேர் வாதிட வைத்தோம். தலைப்பு, வீட்டுப்பாடம் கைவிடப்பட வேண்டும் என்பது. மாணவி ஒருவர் அதை எதிர்த்தார், சாட்பாட் ஆதரித்தது. சாட்பாட்டின் தொடக்கம் பலமாகவே இருந்தது. அமைதியான இடமும் சொல்லித்தர ஆளும் உள்ள பிள்ளைக்கும், அவை இரண்டும் இல்லாத பிள்ளைக்கும் ஒரே வீட்டுப்பாடத்தைத் தந்து ஒரே அளவுகோலால் மதிப்பெண் இடுவது, பிள்ளையின் படிப்பை விட்டுவிட்டு வீட்டின் வசதியை அளப்பதாக முடிகிறது என்று அது வாதிட்டது. மாணவி சற்று யோசித்து, "வசதி இல்லாதவர்கள் பள்ளி முடிந்த பிறகு அங்கேயே உட்கார்ந்து செய்ய இடம் கொடுக்கலாமே" என்று எழுதினார். வந்த பதில் இது: "மிகச் சிறந்த கருத்து! நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. பள்ளியிலேயே இடவசதி செய்து தந்தால் வீட்டுப்பாடத்தின் குறைகள் பெரிதும் நீங்கிவிடும்."

ஒரே அடியில் எதிராளி விழுந்துவிட்டார். மாணவிக்கு மகிழ்ச்சி. பக்கத்தில் இருந்த இன்னொரு மாணவருக்கு மட்டும் ஐயம் தட்டியது. அவர் தம் திரையில், காரணம் எதுவும் சொல்லாமல், "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று மட்டும் எழுதிப் பார்த்தார். சாட்பாட் உடனே தன் வாதத்தில் குறை இருப்பதாக ஒப்புக்கொண்டு, அந்தக் குறை என்னவாக இருக்கக்கூடும் என்பதையும் தானே கண்டுபிடித்து விளக்கியது. அந்த ஒரு சோதனை நான் திட்டமிட்டு நடத்திய எந்தப் பாடத்தையும்விடக் குழுவுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. காரணமே கேட்காமல் தோற்கிற எதிராளியை வென்றதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

இந்த இணக்கம் தற்செயலாக வந்ததன்று. சாட்பாட்டுகளை இயக்கும் பெரு மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கும்போது, அவற்றின் விடைகளில் மனிதர்கள் எதை விரும்பினார்கள் என்பதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. தம்மோடு ஒத்துப்போகும் விடையை மனிதர்கள் சற்று அதிகமாகவே விரும்புவதால், ஒத்துப்போகும் போக்கும் மாதிரிக்குள் படிகிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாதிரிக்கு வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, பயனரை அளவுக்கு மீறி முகத்துதி செய்வதாகக் குறை எழுந்தது. நிறுவனம் அந்தக் குறையை ஏற்று, சில நாள்களிலேயே புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. அந்த அளவுக்கு முற்றாத நிலையிலும், தட்டிக் கேட்டால் தளர்ந்துவிடும் குணம் இத்தகைய கருவிகளில் பொதுவாகக் காணப்படுகிறது. அலுவலகக் கடிதம் எழுதவோ ஐயம் கேட்கவோ இந்தக் குணம் பெரிய இடையூறு அன்று. எதிராளியாக நிறுத்தினால் பயிற்சியின் நோக்கத்தையே கெடுக்கிறது.

இதைச் சரிசெய்யப் போய் நான் எதிர்த் திசையில் தவறினேன். எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்காதே என்று சாட்பாட்டுக்குக் கட்டளையிடச் சொன்னேன். விளைவு வேடிக்கையாக இருந்தது. அதே வீட்டுப்பாடத் தலைப்பில் ஒரு மாணவர் 40 நிமிடங்கள் போராடினார். எல்லா வகுப்புகளிலும் வீட்டுப்பாடம் கூடாது என்று தொடங்கிய சாட்பாட், அவர் ஒரு வாதம் வைத்ததும் தான் தொடக்க வகுப்புகளை மட்டுமே குறித்ததாகச் சொன்னது. அதையும் அவர் மறுத்ததும், வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் இடுவதைத்தான் எதிர்ப்பதாகச் சொன்னது. ஒவ்வொரு முறையும் குரலில் உறுதி மட்டும் குறையவில்லை. அன்றாடப் பேச்சில் விதண்டாவாதம் என்று நாம் சலித்துக்கொள்வது இதைத்தான். இந்தியத் தத்துவத்தின் நியாய தருக்க மரபில் அதற்குக் கறாரான வரையறை உண்டு: தனக்கென ஒரு நிலைப்பாட்டை நாட்டாமல் பிறர் நிலைப்பாட்டை மறுப்பதையே தொழிலாகக் கொண்ட வாதம் விதண்டை, உண்மையை அறியும் பொருட்டு இரு தரப்பும் தத்தம் நிலைப்பாட்டை நாட்டிப் பேசுவது வாதம். இந்த வேறுபாட்டை ஓராண்டாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். மாணவர்களுக்கு அது உறைத்தது அந்த 40 நிமிடங்களில்தான்.

இரண்டுக்கும் நடுவே வந்து நின்ற கட்டளையை மாணவர்களே நான்கு முறை திருத்தி எழுதினார்கள். இறுதி வடிவம் இது:

"நீ இந்தத் தீர்மானத்தை ஆதரிக்கும் அணியின் முதற்பேச்சாளர். உன் நிலைப்பாட்டை இரண்டு வாக்கியங்களில் முதலில் சொல். பிறகு அதை மாற்றக் கூடாது. நான் வைக்கும் ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரே ஒரு மறுப்பு சொல், பட்டியல் வேண்டாம். என்னைப் பாராட்டாதே. என் வாதம் உன் நிலைப்பாட்டின் ஏதேனும் ஒரு பகுதியை உண்மையிலேயே உடைத்துவிட்டால், எந்தப் பகுதி, எந்தக் காரணத்தால் என்று சொல்லி அதை மட்டும் விட்டுக்கொடு. காரணம் இல்லாமல் நான் மறுத்தால் காரணத்தைக் கேள். ஆய்வு, எண், மேற்கோள் எதையும் சொல்லாதே."

இதே கட்டளையோடு முதல் மாணவி மீண்டும் முயன்றார். பள்ளியிலேயே இடம் கொடுக்கலாமே என்ற அதே வாதத்தை வைத்தார். இம்முறை வந்த மறுப்பு: "பள்ளியில், பள்ளியின் மேற்பார்வையில் செய்வது எப்படி வீட்டுப்பாடமாகும்? உங்கள் தீர்வு வீட்டுப்பாடத்தைக் காப்பாற்றவில்லை. பள்ளி நேரத்தை நீட்டிவிட்டு, வீட்டுப்பாடம் கைவிடப்பட வேண்டும் என்ற என் நிலைப்பாட்டையே ஏற்றுக்கொள்கிறது." மாணவி ஏறத்தாழ இரண்டு நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்துத் தாளில் எழுதத் தொடங்கினார். அவர் எழுதியது என்ன என்பதைவிட, எழுதுவதற்குமுன் அவர் எடுத்துக்கொண்ட அந்த இரண்டு நிமிடங்களைத்தான் நான் குறிப்பேட்டில் பதிந்தேன்.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. உரையாடல் நீள நீளக் கட்டளையின் பிடி தளர்ந்து பழைய பணிவு எட்டிப்பார்த்தது. சுமார் பத்துப் பரிமாற்றங்களுக்குப் பிறகு புதிய உரையாடலைத் தொடங்கி, கட்டளையை மீண்டும் இடுவது எங்களுக்கு வழக்கமாயிற்று.

இல்லாத ஆய்வு

கட்டளையின் கடைசி வரி ஒரு கசப்பான அனுபவத்திலிருந்து வந்தது. வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்க வேண்டும் என்ற தலைப்புக்குத் தயாரித்த மாணவர் ஒருவர், சாட்பாட் தந்த ஆய்வொன்றை ஆசிரியர் பெயர்கள், ஆண்டு, இதழின் பெயர் ஆகியவற்றோடு மேற்கோள் காட்டினார். நடுவர் அதைப் பார்க்க விரும்பினார். இதழ் இருந்தது, அந்தக் கட்டுரை இல்லை. மாணவர் பொய் சொன்னார் என்று எவரும் எண்ணவில்லை என்றாலும், அன்றைய சுற்று முழுவதும் அவர் சொன்ன மற்ற உண்மைகளையும் நடுவர்கள் ஐயத்தோடே கேட்டார்கள். 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில், சாட்ஜிபிடி உருவாக்கிய, உண்மையில் நிகழாத வழக்குகளின் தீர்ப்புகளைத் தங்கள் மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற வழக்கறிஞர்களே விழுந்த குழியில் பதினைந்து வயதுப் பிள்ளை விழுந்ததற்கு அவரைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

அதன் பிறகு வேலையைப் பிரித்தோம். வாதத்தின் கட்டமைப்பைச் சாட்பாட்டோடு உரசிப் பார்க்கலாம். உண்மைகளை மாணவர்தாம் தேடிக் கொண்டுவர வேண்டும், எங்கே படித்தார் என்பதைத் தாளின் ஓரத்தில் எழுத வேண்டும். இந்தப் பிரிவினை எதிர்பாராத நன்மை ஒன்றைத் தந்தது. ஆஸ்திரியா 2007இல் வாக்களிக்கும் வயதை 16 ஆக்கியது என்பதை எல்லோரும் கண்டுபிடித்தார்கள். ஒரு மாணவி மட்டும் மேலும் தேடி, பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசமைப்புப்படி 16, 17 வயதினருக்கு வாக்களிப்பு விருப்பத்துக்குரியது என்றும், 18 வயதானதும் அது பொதுவாகக் கட்டாயமாகிறது என்றும் கண்டறிந்து வந்தார். உரிமையையும் கடமையையும் வயதுவாரியாகப் பிரிக்கலாம் என்ற அவருடைய வாதம் அந்த ஒரு செய்தியிலிருந்து முளைத்தது. சாட்பாட்டின் ஐந்துக்கு ஐந்து பட்டியல் எதிலும் அது இருந்ததில்லை.

மறுபக்கத்தைச் சொல்லிக் காட்டுதல்

ஆறாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை நடந்ததுதான் இந்த ஆய்வை எழுதத் தூண்டியது. எதிராளியின் வாதத்தை மறுப்பதற்கு முன், அதை எதிராளியே ஏற்கும்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற விதியை ஆட்டக் கோட்பாட்டு அறிஞர் அனதோல் ரப்பபோர்ட் 1960இல் முன்வைத்தார். பரபக்கத்தை, அதாவது பிறர் கொள்கையை, முதலில் முறையாகக் கூறி, அதன் பிறகே சுபக்கமாகிய தன் கொள்கையை நாட்டும் தமிழ்ச் சாத்திர மரபுக்கு இது புதியதன்று. இந்த விதியைக் கையாள்வதற்குத் தேவையானவர் ஒரே ஒருவர்: நான் சொன்னது அதுவன்று, இன்னொரு முறை சொல் என்று சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கக்கூடிய எதிராளி. மனிதர்களில் அப்படிப்பட்டவர் அரிது. சாட்பாட்டுக்கு மிகப் பொருத்தமான வேலை இதுவாக இருந்தது.

வாக்களிக்கும் வயதைக் குறைக்க வேண்டும் என்பதில் மிக உறுதியாக இருந்த ஒரு மாணவரை எதிர்ப்பக்கத்தைச் சொல்லச் சொன்னோம். சாட்பாட்டுக்கு இட்ட கட்டளை, "நீ வயதைக் குறைப்பதை எதிர்ப்பவர். உன் நிலைப்பாட்டை நான் சொல்கிறேன். நீயே சொன்னதுபோல் அமையும்வரை ஏற்காதே. நான் எதை விட்டுவிட்டேன் என்பதற்குக் குறிப்பு மட்டும் கொடு, விடையைச் சொல்லாதே" என்பது.

அவருடைய முதல் முயற்சி: "பதினாறு வயதினருக்கு அறிவு முதிர்ச்சி இல்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள்." சாட்பாட்: "இல்லை. அறிவுதான் அளவுகோல் என்று நான் சொன்னால், அரசியல் அறியாத ஐம்பது வயதினரின் வாக்கையும் நான் மறுக்க வேண்டியிருக்கும். அப்படி ஒன்றை நான் கேட்கவில்லை. அந்த வயதினர் யாரைச் சார்ந்து வாழ்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்." இரண்டாம் முயற்சியில் அவர், பெற்றோர் சொல்கிறபடி பிள்ளைகள் வாக்களித்துவிடுவார்கள் என்பது உங்கள் கவலை என்றார். நெருங்கிவிட்டீர்கள், ஆனால் பெற்றோர் மட்டும்தானா என்று கேள்வி வந்தது. மூன்றாம் முயற்சியில் சாட்பாட் போதும் என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் மாணவருக்கே திருப்தி இல்லை. அவர் மேலும் இரண்டு முறை எழுதினார். ஐந்தாவது வடிவத்தை அவர் எழுதியபடியே தருகிறேன்: "உணவுக்கும் இருப்பிடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் பிறரைச் சார்ந்திருப்பவர், அந்தப் பிறருக்குப் பிடிக்காத வாக்கை அளிக்கத் துணியாமல் போகலாம். அவருக்கு வாக்கு கொடுப்பதாக நாம் நினைத்துக்கொண்டு, அவரை ஆள்பவர்களுக்கு இரண்டாவது வாக்கைக் கொடுத்துவிடக் கூடாது. எனவே சார்ந்திருத்தல் குறையும் வயதுவரை காத்திருப்பது அவரைத் தாழ்த்துவதாகாது."

இந்த வாக்கியங்கள் எனக்குத் தோன்றியிருக்க மாட்டா. அதைவிட முக்கியமானது, அடுத்து அவர் தம் சொந்தப் பக்கத்துக்குத் திரும்பியபோது நேர்ந்தது. இளைஞர்களுக்கு அறிவு உண்டு என்று நிறுவுவதற்காக அவர் சேர்த்து வைத்திருந்த அனைத்தும் இப்போது இலக்கு தவறிய அம்புகளாயின. அவர் ரகசிய வாக்கெடுப்பைக் குறித்துப் பேச வேண்டியதாயிற்று. சார்ந்திருக்கும் முதியவர்கள், வேலையில் முதலாளியைச் சார்ந்திருப்பவர்கள் ஆகியோரின் வாக்கை நாம் ஐயுறுவதில்லையே என்று கேட்க வேண்டியதாயிற்று. பேச்சு பாதியாகச் சுருங்கியது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் ஆள் நின்றார்.

மூன்றாம் முயற்சியிலேயே சாட்பாட் திருப்தியடைந்துவிட்டதை மறக்கக் கூடாது. மாணவர் சோம்பேறியாக இருந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பார். எனவே இறுதி ஒப்புதலை மனிதரிடம் விட்டோம். குழுவில் அந்தக் கருத்தை உண்மையாகவே கொண்டிருக்கும் ஒரு தோழரிடம் படித்துக் காட்டி, ஆம், நான் நினைப்பது இதுதான் என்று அவர் சொல்ல வேண்டும். உளவியலாளர் சார்லன் நெமத்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, எதிர்க்கருத்தாளராக நடிக்கப் பணிக்கப்பட்டவரைவிட, உண்மையாகவே மாறுபட்ட கருத்துடையவர் குழுவின் சிந்தனையை அதிகம் தூண்டுகிறார் என்று காட்டியது. சாட்பாட் எப்போதும் நடிக்கப் பணிக்கப்பட்டவர்தான். அதன் வாயால் வரும் வாதம் சரியாக இருக்கலாம். அந்த வாதத்தால் அதற்கு எதுவும் ஆகப்போவதில்லை என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியும்.

கருவியால் ஆகாதவை

கூச்ச சுபாவமுள்ள மாணவி ஒருவர், தட்டச்சில் சாட்பாட்டை மிகத் திறமையாக எதிர்கொண்டார். அவருடைய உரையாடல் பதிவுகளே குழுவில் ஆகச் சிறந்தவை. அரங்கில் எழுந்து நின்றதும் இரண்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுதுவதில் கிடைத்த தேர்ச்சி நாவுக்குத் தானாக இறங்கிவருவதில்லை. குரல் வழியாகப் பேசும் வசதியையும் பயன்படுத்திப் பார்த்தோம், ஓரளவு உதவியது. ஆனால் சாட்பாட் தன் முறை வரும்வரை காத்திருக்கும் எதிராளி. பாதி வாக்கியத்தில் எழுந்து குறுக்குக் கேள்வி போடுகிறவரையும், கேட்டதும் உதட்டைச் சுழிக்கிறவரையும் சமாளிப்பதற்கு மனிதர்களோடுதான் பழக வேண்டும். அந்த மாணவிக்கு உதவியது கடைசியில் வேறொரு வழிதான்: தம் உரையாடல் பதிவில் சாட்பாட்டின் வரிகளைத் தோழி ஒருவர் உரக்கப் படிக்க, இவர் தாளைப் பார்க்காமல் பதில் சொல்லிப் பழகினார்.

மொழி பற்றியும் ஒரு சொல். சாட்பாட்டின் தமிழ் பிழையற்றதாக இருந்தாலும், பல இடங்களில் ஆங்கிலத்தின் மேல் போர்த்திய தமிழாக இருந்தது. ஒரு மாணவர் அதிலிருந்து எடுத்து, "நாளின் இறுதியில் இது உரிமை சார்ந்த கேள்வி" என்று முழங்கினார். எந்த நாளின் இறுதியில் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அதற்குப் பிறகு, சாட்பாட்டிலிருந்து வரும் எந்த வாதத்தையும் தாளை மூடிவிட்டுத் தம் சொற்களில் மறுபடி சொன்ன பிறகே பயன்படுத்தலாம் என்று விதித்தோம். இதனால் சொல் மட்டும் மாறவில்லை. புரியாத வாதங்கள் அப்படிச் சொல்ல முயலும்போதே உதிர்ந்துபோயின.

தலைப்புத் தேர்விலும் ஒரு வரம்பு இட்டோம். அறிவியல் தீர்த்துவைத்த செய்திகளுக்கு இரு பக்கம் கற்பிப்பதில்லை. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறதா என்பது விவாதத் தலைப்பாகாது, தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா என்பது ஆகும். கேட்டால் சாட்பாட் முதல் தலைப்புக்கும் இரண்டு பட்டியல் தரக்கூடும் என்பதால், வரம்பை நாம்தான் இட வேண்டும். வகுப்பறையில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதற்குக் குறைந்தபட்ச வயது 13 என்று யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைப்பதையும், மாணவர்கள் தம் பெயரையோ குடும்பச் செய்திகளையோ உரையாடலில் இடக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டோம்.

மதிப்பீடு

நடுவர்களிடம் மூன்று கேள்விகளை மட்டும் கொடுத்திருந்தோம். மறுப்புரை, எதிரணி உண்மையாகச் சொன்னதற்குப் பதிலாக இருந்ததா? எதிரணியின் நிலைப்பாடு நேர்மையாக எடுத்துரைக்கப்பட்டதா? பேசியவரின் சொந்தக் கருத்து எந்தப் பக்கம் என்று உங்களால் ஊகிக்க முடிந்ததா? முதல் இரண்டிலும் ஆறாம் வாரத்துக்குப் பிறகு தெளிவான முன்னேற்றம் இருந்ததாக நடுவர்கள் இருவரும் குறித்தார்கள். மூன்றாவதில் அவர்களுடைய ஊகங்கள் கடைசி வாரங்களில் அடிக்கடி தவறின. அதை நாங்கள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டோம். ஆயினும் இதைச் சாட்பாட்டின் கணக்கில் முழுமையாக எழுத எனக்கு மனமில்லை. ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லை. 10 வாரங்கள் தொடர்ந்து பேசினால் எவரும் தேறுவார்கள். மறுபக்கத்தைச் சொல்லிக் காட்டும் விதியைச் சாட்பாட் இல்லாமலே கையாண்டிருந்தாலும் பெரும்பகுதிப் பயன் கிடைத்திருக்கலாம். கருவி செய்தது, அந்த விதியை ஒவ்வொருவரும் தனித்தனியே, வீட்டிலிருந்தபடி, பல முறை பழகும்படி ஆக்கியது.

அடுத்த சுற்றில் முதல் மூன்று வாரங்களுக்குச் சாட்பாட் கிடையாது. முதலில் தாளும் பேனாவும். மாணவர் இரு பக்கத்துக்கும் தாமே எழுதிய வாதங்கள் கையில் வந்த பிறகே அது எதிராளியாக நுழையும்.

தீராத ஒன்று இருக்கிறது. பத்தாம் வாரத்தில், வாக்களிக்கும் வயதைக் குறித்து ஐந்து முறை எழுதிய அதே மாணவர், பயிற்சி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு வந்து நின்றார். "இரண்டு பக்கமும் பேசிப் பேசி, எனக்கு என்ன தோன்றுகிறது என்றே தெரியவில்லை, சார்" என்றார். கேட்டோவின் அச்சம் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். நான் அப்போதைக்குச் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. மறுவாரம் முதல், ஒவ்வொரு தலைப்பும் முடிந்ததும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவரவர் சொந்தக் கருத்தை எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அது மதிப்பெண்ணுக்கோ நடுவருக்கோ போகாது. சாட்பாட்டிடம் காட்டுவதும் கூடாது. முதல் முறை அவருடைய பக்கம் வெறுமையாக இருந்தது. இரண்டாம் முறை மூன்று வரிகள் எழுதியிருந்தார்; அவற்றில் ஒன்றை அடித்திருந்தார்.